கூர் இருக்கட்டும், பிடி எப்படி?

மடக்குக்கத்தி வாங்குகிறவர்கள் அலகைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் விரலைக் காப்பதும் கெடுப்பதும் பிடி. ஐந்தாறு அங்குலப் பொருளுக்குள் அடங்கியிருக்கும் ஒரு பெரிய பிரச்னை.

தம்பானூரில் ரயிலைவிட்டு இறங்கி வெளியே வந்தால் எதிரிலேயே பஸ் நிலையம். நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் போகிறவர்கள், பத்மநாபசுவாமி கோயிலுக்கும் கோவளத்துக்கும் வருகிறவர்கள், கார்த்திகை பிறந்துவிட்டால் சபரிமலைக்குப் புறப்படும் கறுப்பு வேட்டிக்காரர்கள் என்று திருவனந்தபுரத்துக்கு வரும் தமிழர்கள் எல்லோரும் கலந்து பிரிகிற இடம். இதுபோன்ற நிலையங்களை ஒட்டிய கடைகளின் சரக்கு இந்தியா முழுவதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பெட்டிக்குப் பூட்டு, சங்கிலி, டார்ச் விளக்கு, நகவெட்டி, சீப்பு. இவற்றுக்கு நடுவே மடக்குக்கத்தி.

மாங்காய் நறுக்க, கொய்யாவைப் பிளக்க, பார்சல் கயிற்றை அறுக்க, பென்சில் சீவ என்று அதற்கு ஆயிரம் வேலை. தமிழிலும் மலையாளத்திலும் அதற்கு ஒரே பெயர்தான்: பேனாக்கத்தி. இறகுப் பேனாவின் முனையைச் சீவுவதற்காகப் பிறந்த கத்தி அது. இறகு போய் மைப்பேனா வந்தது, பிறகு பால்பாயிண்ட் வந்தது, இன்று அதுவும் செல்போனுக்கு வழிவிட்டுக்கொண்டிருக்கிறது. கத்தியின் பெயர் மட்டும் அப்படியே நிற்கிறது.

இந்தக் கத்தியை வாங்குகிற பெரும்பாலோர் செய்வது ஒன்றே. திறக்கிறார்கள், கட்டைவிரலை அலகின் குறுக்கே மெல்ல வைத்துக் கூர் பார்க்கிறார்கள், பளபளப்பைப் பார்க்கிறார்கள், விலை கேட்கிறார்கள். பிடியை அழுத்திப் பார்ப்பவர்கள் அபூர்வம். இத்தனைக்கும், கத்தி தொடுவது பழத்தை ஒரு நொடி. கையைத் தொட்டுக்கொண்டிருப்பது வேலை முடியும் வரை. மழுங்கிப் போன கூரை ஒரு சாணைக்கல் மீட்டுவிடும். தவறாக அமைந்த பிடியைத் திருத்தச் சாணைக்கல் கிடையாது.

ஒரு பிடி, இரண்டு வேலை

சமையலறைக் கத்தியின் பிடிக்கு ஒரே வேலை: கைக்கு அடங்குவது. மடக்குக்கத்தியின் பிடிக்கு இரண்டு வேலை. கையில் இருக்கும்போது அது பிடி. சட்டைப் பையில் இருக்கும்போது அது உறை. இந்த இரண்டு வேலைகளும் ஒன்றுக்கொன்று ஆகாதவை.

உள்ளங்கை கேட்பது உருண்டையான, சற்றே பருத்த, நீளமான பிடி. பை கேட்பது தட்டையான, மெலிந்த, குட்டையான பொருள். அலகு உள்ளே மறைய வேண்டும் என்பதால் பிடியின் நடுவே நீளவாக்கில் ஒரு பிளவு தேவை. அந்தப் பிளவின் இரு பக்கத் தகடுகளின் விளிம்புகள்தான், அழுத்தி வெட்டும்போது விரல்களில் பதிகின்றன. அலகைத் திறந்த நிலையில் நிறுத்த முதுகுப் பக்கம் ஒரு வில்தகடு. எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்க ரிவிட்டுகள். போதாக்குறைக்குச் சாவி வளையம். அமெரிக்காவின் ஸ்பைடர்கோ நிறுவனம் 1981ல் தன் கத்தியில் சட்டைப் பை விளிம்பில் மாட்டிக்கொள்ளும் கிளிப்பை வைத்தது. அந்த வசதி உலகெங்கும் பரவியது. கூடவே, அழுத்திப் பிடித்தால் உள்ளங்கையில் குத்தும் இன்னொரு விளிம்பும் வந்து சேர்ந்தது.

அளவிலும் இழுபறிதான். கைக்கருவிகளைத் தேர்ந்தெடுப்பது பற்றி அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமும் கலிபோர்னியா மாநிலமும் சேர்ந்து 2004ல் ஒரு கையேடு வெளியிட்டன. பலமாகப் பிடித்து வேலை செய்யும் கருவியின் பிடி ஒன்றேகால் அங்குலம் முதல் இரண்டு அங்குலம் வரை பருமனாக இருக்க வேண்டும், நீளம் வழக்கமாக 4 முதல் 6 அங்குலம் வரை இருக்க வேண்டும் என்கிறது அது. உலகம் முழுவதும் தெரிந்த சிவப்பு நிற ஸ்விஸ் கத்தியின் பிரபலமான அளவு 91 மில்லிமீட்டர். அதாவது 4 அங்குலத்துக்கும் குறைவு. பேனாக்கத்திகளின் தடிமனோ பெரும்பாலும் அரை அங்குலத்தை ஒட்டியே இருக்கிறது.

அப்படியானால் பேனாக்கத்திகள் எல்லாம் தவறான கருவிகளா? இல்லை. அதைப் புரிந்துகொள்ளக் கை எப்படிப் பிடிக்கிறது என்று பார்க்க வேண்டும்.

கையின் இரண்டு பாஷைகள்

திருவனந்தபுரத்துக்காரர்களுக்கு நேப்பியர் என்றால் 1880ல் கட்டி முடிக்கப்பட்ட மியூசியம் நினைவுக்கு வரும். சென்னை மாகாண கவர்னராக இருந்த நேப்பியர் பிரபுவின் பெயர் அது. கைகளைப் பற்றி ஆராய்கிறவர்களுக்கு வேறொரு நேப்பியர் முக்கியம். ஜான் நேப்பியர் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர். மனிதக் கையின் பிடிப்புகளை அடிப்படையில் இரண்டே வகையாகப் பிரிக்கலாம் என்று 1956ல் அவர் எழுதினார். ஒன்று பலப்பிடி: சுத்தியலைப் பிடிப்பதுபோல் பொருளை உள்ளங்கையோடு சேர்த்து விரல்களால் சுற்றிக்கொள்வது. இன்னொன்று நுட்பப்பிடி: பேனாவைப் பிடிப்பதுபோல் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களின் நுனிகளுக்கும் இடையே நிறுத்திக்கொள்வது.

நுட்பப்பிடிக்கு மெல்லிய பிடிதான் வசதி. கால் அங்குலம் முதல் அரை அங்குலம் வரை போதும் என்கிறது அதே கையேடு. பேனாக்கத்தி பிறந்தது இந்தப் பிடிப்புக்காகவே. இறகு சீவுவதற்கு உள்ளங்கை பலம் எதற்கு?

தமிழர்களுக்கும் இது புதிய சங்கதி அல்ல. உ.வே. சாமிநாதையர் 'என் சரித்திரம்' நூலில் குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி என்று எழுத்தாணிகளை வகைப்படுத்துகிறார். மடக்கெழுத்தாணி, பெயரே சொல்வதுபோல, பிடிக்குள் மடங்குவது. ஏட்டோடு எடுத்துச் செல்ல வசதி, மடியில் குத்தாது. தம்பானூரிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய கோட்டைப் பகுதியில், மத்திய ஆவணக் காப்பகத்தில், 2022 டிசம்பரில் ஓலைச்சுவடி அருங்காட்சியகம் ஒன்று திறக்கப்பட்டது. திருவிதாங்கூர் அரசின் கணக்கும் வழக்குமாக அங்கே இருக்கிற ஓலைகளின் ஒவ்வொரு எழுத்தும் விரல் நுனிகளின் நுட்பப்பிடியில் கீறப்பட்டதுதான்.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், நுட்பப்பிடிக்குப் பிறந்த கருவியைப் பலப்பிடி வேலைக்கு இழுக்கும்போது. பிளாஸ்டிக் நாடா கட்டிய அட்டைப்பெட்டி, காய்ந்த கயிறு, தேங்காய் மட்டை. இவற்றை அறுக்க அரை அங்குலத் தடிமனுள்ள தகடுகளை இறுக்கிப் பிடித்து அழுத்துகிறோம். கத்தி பொருளை வெட்டுவதற்கு முன்னால் விளிம்பு கையை வெட்டத் தொடங்குகிறது.

நுட்பப்பிடியே ஆனாலும் நாள் முழுக்க என்றால் கதை வேறு. கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் நிற்கும் ரப்பர் மரங்களில் பெரும்பாலானவை ஒட்டுக்கட்டி வளர்த்தவை. இந்திய ரப்பர் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய ஆர்ஆர்ஐஐ 105 என்ற புகழ்பெற்ற ரகம் அப்படிப் பரவியதுதான். ஒட்டுக்கட்டும் கத்தி பெரும்பாலும் மடக்குக்கத்தி. ஒரு கன்றின் பட்டையில் சன்னல் போல் கீறி, மொட்டைச் செருகிக் கட்டி, அடுத்த கன்றுக்குக் குனிய வேண்டும். ஒரு நாளில் நூற்றுக்கணக்கான கீறல்கள். பழம் நறுக்கும் பயணிக்குச் சின்ன உறுத்தலாகத் தெரியும் ஒரு ரிவிட் தலை, இந்தத் தொழிலாளிக்கு மாலைக்குள் கொப்புளம்.

வேலூர் கற்றுத்தந்த பாடம்

பிடி கையை என்ன செய்கிறது என்பதை உலகுக்கு உரக்கச் சொன்ன இடங்களில் ஒன்று தமிழ்நாட்டில் இருக்கிறது. மிஷனரி தம்பதியின் மகனாக 1914ல் கொல்லிமலையில் பிறந்தவர் பால் பிராண்ட். லண்டனில் அறுவை மருத்துவம் படித்து 1946ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயால் பாதிக்கப்பட்டவர்களின் மடங்கிப்போன விரல்களை, தசைநாண்களை இடம் மாற்றித் தைத்து நிமிர்த்தும் அறுவை சிகிச்சையில் பெயர் பெற்றார்.

அவர் பின்னாளில் திரும்பத் திரும்பச் சொன்ன சம்பவம் ஒன்று உண்டு. துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க முடியாமல் அவர் திணறிக்கொண்டிருந்தார். சிகிச்சைக்கு வந்திருந்த மெலிந்த சிறுவன் ஒருவன் சாவியை வாங்கி ஒரே திருகில் திறந்துவிட்டான். தரையில் ரத்தம் சொட்டியது. சாவியின் விளிம்பு அவன் விரலை எலும்பு வரை கிழித்திருந்தது. அவனுக்குத் தெரியவே இல்லை. பலம் அவனுக்கு அதிகம் என்பதல்ல விஷயம். 'போதும், விடு' என்று சொல்லும் வலி அவனிடம் இல்லை.

தொழுநோயாளிகளின் சதை தானாகவே அழுகி விழுகிறது என்றுதான் அதுவரை பலர் நம்பினார்கள். உணர்ச்சி இழந்த கை அன்றாட வேலையில் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வதே பெரும்பாலான இழப்புக்குக் காரணம் என்று பிராண்டும் அவரது குழுவினரும் காட்டினார்கள். மறுவாழ்வுக்காக 1951ல் வேலூரில் தொடங்கிய நவஜீவ நிலையத்தில் தச்சு வேலையும் கற்றுத்தந்தார்கள். கருவியின் பிடியைக் கவனிக்காமல் அங்கே எதுவும் நடக்காது. பிடியைப் பருமனாக்கு, துணியோ ரப்பரோ சுற்று, விளிம்பை மழுக்கு, பிளவு விட்ட மரத்தைத் தூக்கிப் போடு: தொழுநோய் மறுவாழ்வுப் பணியில் இன்றும் இதுதான் பாலபாடம்.

இதில் இருப்பது பள்ளிக்கூடப் பௌதிகம். பலத்தைப் பரப்பால் வகுத்தால் அழுத்தம். 5 கிலோ பலத்தோடு ஒரு கத்தியை அழுத்துவதாக வைத்துக்கொள்ளுங்கள். 2 மில்லிமீட்டர் அகல விளிம்பு 6 சென்டிமீட்டர் நீளத்துக்கு விரல்களில் பதிந்தால், சதுர சென்டிமீட்டருக்கு 4 கிலோவுக்கு மேல் விழுகிறது. அதே பலம் 2 சென்டிமீட்டர் அகலமான வளைவில் பரவினால் அரைக் கிலோவுக்கும் குறைவு. கத்தி அதே கத்தி, கூர் அதே கூர். பத்து மடங்கு வித்தியாசம் பிடியில்.

நல்ல உணர்ச்சியுள்ள கைக்கு வலி எச்சரிக்கை தருகிறது. உடனே நாம் பிடியை மாற்றுகிறோம் அல்லது தளர்த்துகிறோம். தளர்த்திய பிடியில் கத்தி வழுக்குகிறது. ஆக, உறுத்துகிற பிடி அசௌகரியம் மட்டுமல்ல, ஆபத்தும்கூட.

யாருடைய கைக்கு?

பிடியின் அளவு என்றால், யாருடைய கையின் அளவு? ஐரோப்பிய, அமெரிக்கக் கைகளை அளந்து வடிவமைத்த பொருட்கள்தான் நெடுங்காலம் இங்கே பிரதி எடுக்கப்பட்டன. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் இந்திய உடல் அளவுகளைத் தொகுத்த தேபகுமார் சக்கரவர்த்தியின் நூலை 1997ல் வெளியிட்டது. கையின் நீளம், உள்ளங்கை அகலம், விரல்களின் பிடிச்சுற்றளவு எல்லாம் அதில் உண்டு. போபாலில் இருக்கும் மத்திய வேளாண் பொறியியல் நிறுவனம் விவசாயத் தொழிலாளர்களின் உடல் அளவுகளையும் பலத்தையும் தொகுத்து 2009ல் வெளியிட்டது. பெண்களின் உள்ளங்கை ஆண்களுடையதைவிடச் சராசரியில் குறுகியது, பிடிபலமும் குறைவு. வேளாண் கருவி வடிவமைப்பாளர்களுக்கு அது அடிப்படைப் பாடம்.

அளவுகள் கிடைத்துவிட்டன. ஆனால் கடையில் தொங்கும் மலிவான மடக்குக்கத்தியின் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். அலகின் நீளம் இருக்கும், 'துருப்பிடிக்காத எஃகு' என்று இருக்கும். எந்தக் கைக்கு இந்தப் பிடி என்று பெரும்பாலும் இருக்காது. செருப்புக்கு எண் உண்டு, சட்டைக்கு எண் உண்டு. கையை வெட்டக்கூடிய பொருளுக்கு இல்லை.

இடதுகைக்காரர்கள் நிலைமை இன்னும் மோசம். வழக்கமான பேனாக்கத்தியில் நகத்தை மாட்டி இழுக்கும் குழி அலகின் ஒரே பக்கத்தில்தான் இருக்கும். வலதுகைக்காரருக்கு வாகான பக்கம் அது. பத்தில் ஒருவர் இடதுகைக்காரர் என்பது பொதுவான கணக்கு. நகம் உடைந்த முதியவர்களுக்கும், மூட்டுவாதம் வந்தவர்களுக்கும் அந்தக் குழி எந்தப் பக்கம் இருந்தாலும் ஒன்றுதான்: திறக்கவே முடியாது.

தந்தம், கொம்பு, வியர்வை

அளவுக்கு அடுத்து, பிடி எதனால் ஆனது என்ற கேள்வி. அழகுக்கும் பிடிமானத்துக்கும் இடையிலான பழைய போட்டியும் இங்கேதான் இருக்கிறது.

லண்டனில் 1851ல் நடந்த மாபெரும் கண்காட்சியில், திருவிதாங்கூர் மகாராஜா விக்டோரியா மகாராணிக்கு அனுப்பிய தந்தச் சிம்மாசனம் வைக்கப்பட்டிருந்தது. நிறைவு விழாவில் இளவரசர் ஆல்பர்ட் அதில்தான் அமர்ந்தார். அதே கூரையின் கீழ், ஷெஃபீல்டு நகரின் ஜோசப் ராட்ஜர்ஸ் நிறுவனம் ஒரு விசித்திரத்தைக் காட்சிக்கு வைத்தது: 75 அலகுகள் கொண்ட நார்ஃபோக் கத்தி. முத்துச்சிப்பியில் செதுக்கிய பிடி. பார்க்கலாம், வியக்கலாம். எந்த மனிதக் கைக்கும் அது அடங்காது.

கைக்கு அடங்கும் கத்திகளுக்கு ஷெஃபீல்டும் ஜெர்மனியின் ஸோலிங்கனும் தேடிப் போன பொருள் நம் காடுகளில் இருந்தது. கடமான் கொம்பு. தென்கோடித் தமிழர்கள் மிளா என்று சொல்லும் மானின் கொம்பு அது. ஆண்டுதோறும் உதிர்வது, கெட்டியானது. எல்லாவற்றுக்கும் மேலாக இயற்கையிலேயே மேடுபள்ளமானது. ஈரக்கையிலும் வழுக்காது. எந்தப் பொறியாளரும் திட்டமிடாத சொரசொரப்பு. 1990களின் பிற்பகுதியில் இந்தியா உதிர்ந்த கொம்புகளின் ஏற்றுமதியையும் நிறுத்தியது. உதிர்ந்த கொம்பு என்ற பெயரில் வேட்டைக்கும் வழி திறந்துவிடும் என்ற கவலையே காரணம். கத்தி உலகம் சாயமேற்றிய மாட்டெலும்புக்கும், கொம்பு போலவே வார்த்த பிளாஸ்டிக்குக்கும் மாறியது. தந்தம் அதற்கு முன்பே போய்விட்டது. இந்திய யானைத் தந்த வியாபாரம் 1986லும், இறக்குமதித் தந்த வியாபாரம் 1991லும் சட்டத்திருத்தங்களால் நின்றன. தந்தச் செதுக்கலுக்குப் பெயர்போன திருவனந்தபுரத்தில் எருமைக்கொம்புச் செதுக்கல் ஒரு கைத்தொழிலாக நிலைத்திருக்கிறது.

தந்தம் போனதில் கைக்கு நஷ்டம் எதுவும் இல்லை. வழுவழுப்பு என்பது கண்ணுக்கு அழகு, பைக்கு இதம், கைக்கு எதிரி. தம்பானூர் வெயிலில், கடற்காற்றின் புழுக்கத்தில், உள்ளங்கை எப்போதும் ஈரம். அதோடு மாங்காய்ப் பால், தேங்காய் எண்ணெய், மீன் வழுவழுப்பு. பளபளவென்று மெருகேற்றிய பிளாஸ்டிக்கும் பித்தளையும் இங்கே மீன் போல் நழுவும். மரத்துக்கு வேறு தொல்லை. ஈரத்தில் உப்பி, அலகை உள்ளேயே கவ்விக்கொள்ளும்.

மடங்கும் நேரம்

மடக்குக்கத்திக்கே உரிய பேராபத்து, தவறான நேரத்தில் மடங்குவது. சாதாரணப் பேனாக்கத்தியில் பூட்டு கிடையாது. வில்தகட்டின் அழுத்தம் மட்டுமே அலகைத் திறந்து வைத்திருக்கிறது. கூர்ப்பக்கத்தால் அறுக்கும்வரை கவலை இல்லை. அந்த அழுத்தம் அலகை மேலும் திறக்கும் திசையில்தான் தள்ளும். முனையால் குத்தித் துளையிடும்போதும், சிக்கிய அலகை வெளியே பிடுங்கும்போதும் திசை மாறுகிறது. அலகு விரல்களின் மேல் மடிகிறது.

அது விழும் இடம் அநேகமாக ஆள்காட்டி விரலின் உட்பக்கம். விரலை மடக்கும் இரண்டு தசைநாண்களும் ஒரே குறுகலான உறைக்குள் ஓடும் இடம் அது. அங்கே அறுபட்டதைத் தைத்தால் ஒட்டிக்கொண்டு விரல் விறைத்துவிடும் என்று அஞ்சி, அறுவை மருத்துவர்கள் ஒரு காலத்தில் அந்தப் பகுதிக்கு 'யாரும் நுழையாத நிலம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் பேராசிரியர் ஆர். வெங்கடசாமி வளர்த்தெடுத்த கை அறுவைப் பிரிவு போன்றவற்றால் இன்று நிலைமை வெகுவாக மாறியிருக்கிறது. ஆனாலும் நுணுக்கமான தையல், பல வாரக் கட்டு, பயிற்சி என்று அது நீண்ட கதை. கைவேலை செய்து பிழைப்பவருக்குப் பல வாரக் கூலியும் போகும்.

இந்த ஆபத்துக்குக் கத்தி செய்கிறவர்கள் கண்ட விடைகள் பல. ஜப்பானின் ஹிகோனொகாமி கத்தியில் வில்லும் இல்லை, பூட்டும் இல்லை. அலகின் வால் போல் நீண்டிருக்கும் நெம்பைக் கட்டைவிரல் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். கைதான் பூட்டு. நம் ஊர் சலூன் சவரக்கத்தியும் அதே இனம். தேர்ந்த நாவிதர் பிடியைப் பிடிப்பதே இல்லை, அலகின் கழுத்தை விரல்களுக்கு நடுவே நிறுத்துகிறார். பிரான்சின் ஸவாய் மலைப்பகுதியில் ஜோசப் ஒபினெல் 1890ல் உருவாக்கிய கத்திக்கு எளிமையான மரப்பிடி. உருண்டு, நடுவில் பருத்து, வால்பக்கம் வளைந்தது. அதன் கழுத்தில் 1955ல் ஒரு சுழலும் வளையத்தைச் சேர்த்தார்கள். வளையத்தைத் திருப்பினால் அலகு அசையாது. உள்ளங்கைக்கு உருண்டை, விரலுக்குப் பாதுகாப்பு இரண்டையும் மலிவு விலையில் தந்த கத்தி என்று அதைச் சொல்லலாம்.

ஸ்விட்சர்லாந்தில் கார்ல் எல்ஸனர் 1891ல் ராணுவத்துக்கு வழங்கிய முதல் கத்திக்கு மரப்பிடி. பிறகு பல வடிவங்கள் வந்தன. 2008ல் வந்த சிப்பாய்க் கத்தி 111 மில்லிமீட்டராக நீண்டது, ஒரே கையால் திறக்கும்படி ஆனது, அலகுக்குப் பூட்டு வந்தது. பிடியில் வழுக்காத ரப்பர் போன்ற பட்டைகள் பதிக்கப்பட்டன. கை விரும்புவதைக் கத்தி ஒப்புக்கொள்ள ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. சமையலறை அதைவிட வேகம். நியூயார்க்கில் சாம் ஃபார்பர் என்ற தொழிலதிபர், மூட்டுவாதத்தால் தோல்சீவி பிடிக்கச் சிரமப்பட்ட தன் மனைவிக்காக யோசிக்கத் தொடங்கி, 1990ல் பருத்த ரப்பர் பிடியோடு ஆக்ஸோ கருவிகளைக் கொண்டுவந்தார். நோயாளிக்கென்று செய்தது எல்லோருக்கும் பிடித்துப்போனது.

இந்தியாவின் புகழ்பெற்ற மடக்குக்கத்தி என்றால் உத்தரப் பிரதேசத்தின் ராம்பூரி. இந்திப்பட வில்லன்கள் கையில் அது பெற்ற பெயரைத் தொழிலாளியின் கையில் பெறவில்லை. ராம்பூர் நகர நாற்சந்தி ஒன்றில் 2023 மார்ச்சில் 20 அடி நீளக் கத்தியை நிறுவினார்கள். கத்தி என்றால் அலகும் மிரட்டலும்தான் என்ற நம் பார்வைக்கு அதைவிடப் பெரிய சின்னம் கிடைக்காது.

வாங்குமுன்

கடையில் இரண்டு நிமிஷம் போதும். கத்தியைத் திறந்து, வெட்டுவதுபோல் இறுக்கிப் பிடித்துப் பத்து எண்ணுங்கள். கையைத் திறந்து பாருங்கள். உள்ளங்கையிலோ விரலிலோ கோடு கோடாகச் சிவந்திருந்தால் அந்த இடத்தில்தான் நாளை கொப்புளம்.

நான்கு விரல்களும் பிடிக்குள் அடங்குகின்றனவா? சுண்டுவிரல் வெளியே தொங்கினால் அது பழம் நறுக்கும் கத்தி மட்டுமே. கயிறு அறுக்க வேறு வாங்குங்கள்.

ஆள்காட்டி விரல் முன்னே வழுக்கினால் எது தடுக்கும்? ஒரு மேடோ, குழிவோ, அலகின் அடியில் கூரில்லாத ஒரு துண்டோ இருக்க வேண்டும். எதுவும் இல்லாமல் பிடியும் கூரும் நேராகச் சந்தித்தால் யோசியுங்கள்.

விரல்களின் அளவுக்கு ஆழமான பள்ளங்கள் வெட்டிய பிடி கண்ணைக் கவரும். அந்தப் பள்ளங்கள் யாரோ ஒருவருடைய விரல்களுக்கானவை. உங்களுடையது அதைவிடப் பருத்தோ மெலிந்தோ இருந்தால் ஒவ்வொரு மேடும் குத்தும். லேசான வளைவே பொதுவில் நல்லது.

கையைச் சற்றே நனைத்துப் பிடித்துப் பாருங்கள். நழுவுகிறதா? குத்தித் துளையிடும் வேலை இருந்தால் பூட்டு உள்ளதை வாங்குங்கள். பூட்டை விடுவிக்கும்போது விரல் அலகின் பாதையில் நிற்கிறதா என்றும் பாருங்கள். வீட்டில் முதியவர் பயன்படுத்துவதானால் அவர் கையிலேயே கொடுத்துத் திறக்கச் சொல்லுங்கள்.

வாங்கிவிட்ட கத்தி உறுத்தினால் வழி இருக்கிறது. விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து மழுக்கலாம். வேலூரில் செய்ததுபோல் துணி நாடாவோ சைக்கிள் டியூப் துண்டோ சுற்றலாம். அலகு மடங்கும் பிளவை மட்டும் மூடிவிடக் கூடாது.

சட்டமும் தெரிந்திருக்கட்டும். 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை ஆயுத விதிகள் ஆயுதமாகக் கணக்கில் எடுக்கின்றன. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் உரியவற்றுக்கு விலக்கு உண்டு. பட்டன் அழுத்தினால் பாயும் கத்திகளுக்கு டெல்லியில் 1980லிருந்தே தனிக் கட்டுப்பாடு இருக்கிறது. பேனாக்கத்திக்கு இதெல்லாம் எட்டாது. ஆனால் விமானப் பயணம் என்றால் எவ்வளவு சின்னக் கத்தியானாலும் கைப்பையில் கூடாது, சரக்குப் பெட்டிக்குள்தான்.

கொல்லிமலையில் பிறந்த மருத்துவர் ஒருவர் வேலூரில் கண்டு சொன்னது, அகமதாபாத்திலும் போபாலிலும் அளந்து வைத்திருப்பது, ஒட்டுக்கட்டுகிறவரின் கொப்புளம் அன்றாடம் சொல்வது எல்லாம் ஒரே விஷயம்தான். வலிக்காத பிடி ஆடம்பரம் அல்ல. அது கருவியின் பாதி. அந்தப் பாதிக்கு நாம் இன்னும் விலை கேட்கத் தொடங்கவில்லை. கேட்டால்தான் கடைக்கு வரும்.